எட்டுப் பேர் அறையும் என் தடித்த பூட்டும்

வணக்கம் மக்களே. முதலில் பூட்டு விஷயம், மற்றதெல்லாம் அப்புறம்.

போன வீடியோவில் ஒரு பூட்டைத் தூக்கிக் காட்டி, இதை எவனாலும் உடைக்க முடியாது என்று பெருமை பேசினேன் இல்லையா? யாரும் உடைக்கவில்லை, உண்மைதான். ஏனென்றால் அது நான் தங்கிய, பயணிகள் அறையைப் பகிர்ந்து தங்கும் ஹாஸ்டலின் லாக்கரில் மாட்டவே இல்லை! லாக்கர் கதவில் இருந்த துளை சின்னது, என் பூட்டின் கம்பியோ சுண்டுவிரல் தடிமன். சாய்த்துப் பார்த்தேன், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், காலியாக இருந்த பக்கத்து லாக்கர்களிலும் ஒவ்வொன்றாக முயன்றேன், எல்லாம் ஒரே அளவுத் துளை. கம்பி மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள் என்று கமெண்டில் ஒருவர் அன்றைக்கே எழுதியிருந்தார், நான் அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டேன். சாமி, மன்னித்துவிடுங்கள்.

நான் போட்ட சத்தத்தில் மேல் படுக்கையின் திரை விலகி ஒரு தலை எட்டிப் பார்த்தது. சிலி நாட்டுப் பெண், ஏழு மாதமாகச் சுற்றுகிறாளாம். ஒன்றும் பேசாமல் தன் பையைத் துழாவி, மெல்லிய கேபிள் வைத்த நம்பர் பூட்டு ஒன்றை மேலேயிருந்து போட்டாள். டக்கென்று மாட்டியது. கை தட்டினேன், வெட்கமே இல்லாமல்.

அதன் பிறகுதான் வழக்கமான மூன்று கேள்விகள். எந்த ஊர், எத்தனை நாள், அடுத்து எங்கே. ஹாஸ்டலில் பெயரை யாரும் முதலில் கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ராத்திரி ஒரு மணி வரை வாழ்க்கைக் கதையெல்லாம் பேசிவிட்டு, காலையில் பல் தேய்க்கும்போது "ஆமாம், உன் பேர் என்ன?" என்போம்.

இந்தத் திரை இருக்கிறதே, எனக்கு அதன்மேல் பாதி காதல், பாதி கோபம். தூங்க அருமை. ஆனால் எல்லோரும் இழுத்துவிட்டுக்கொண்டு போனைப் பார்த்தால் அப்புறம் எதற்குப் பொது அறை? அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், முன்பதிவு செய்யும்போது கட்டில் படத்தைப் பார்க்காதீர்கள், சமையலறைப் படத்தைப் பாருங்கள். பெரிய மேசை ஒன்று இருந்தால் போதும். ஒரே ஒரு நல்ல கத்திக்கு நாலு பேர் காத்திருக்கும் இடத்தில் பேச்சு தானாக வந்துவிடும்.

அப்படித்தான் அந்த ஜெர்மன் அம்மா வந்து மாட்டினார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் அறைதான், கீழ்ப் படுக்கை. (எனக்கு மேல் படுக்கை, ஏணியில் ஏறினால் கட்டிலே ஆடும், அதற்குத் தனி வீடியோவே போடலாம்.) இந்த ஹாஸ்டல் யோசனையே ஒரு வாத்தியாருடையது என்றார் பெருமையாக. ரிச்சர்ட் ஷிர்மான் என்பவர் 1909 ஆகஸ்டில் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்திருக்கிறார்கள். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிகளில் பயணிகளைத் தங்கவைத்தால் என்ன என்று அங்கேதான் தோன்றியதாம். பிறகு ஆல்டெனா என்ற ஊரின் கோட்டையிலேயே ஹாஸ்டல் திறந்தார். அந்தப் பழைய அறைகளை இன்றும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், கட்டில்கள் மூன்றடுக்கு. மூன்று! நான் இரண்டாவது அடுக்குக்கே புலம்புகிறேன்.

அட, குறட்டைக்காரரை மறந்தே போனேன். இருந்தார், எந்த அறையில்தான் இல்லை. ஆனால் குறட்டையை மன்னித்துவிடுவேன், அது அவர் கையில் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று அரைமணி நேரம் பிரித்துப் பிரித்து மடிப்பவர்களை மட்டும் மன்னிக்கவே மாட்டேன். முதல் நாள் இரவே பையைக் கட்டிவைத்தால் என்னவாம்?

சிலிக்காரி அப்படித்தான் கட்டிவைத்திருந்தாள். நான் எழுந்தபோது அவள் படுக்கை காலி. பூட்டு மட்டும் என் லாக்கரில். வேண்டுமென்றே விட்டாளா மறந்தாளா தெரியவில்லை, கேட்கலாமென்றால் பெயரைக்கூட நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. இதோ பாருங்கள், இதுதான். நம்பர் சக்கரம் கேமராவில் தெரிகிறதோ? இருங்கள், கையால் மறைத்துக்கொள்கிறேன்.