மாலையில் 1290, காலையில் 50.8: எடிட்டரிலிருந்து ஆர் (R) மென்பொருளுக்கு அனுப்பும் வரிகள்

ஏற்காட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். காப்பித் தோட்டத்துப் பழைய மழைப் பதிவேட்டில் அங்குலக் கணக்கில் இருந்ததை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, மில்லிமீட்டராக மாற்றும் வரியை, ஆர் கட்டளைகளை எழுதி ஓட்ட உதவும் ஆர்ஸ்டுடியோவின் எடிட்டரிலிருந்து கண்ட்ரோல் என்டர் அழுத்தி அனுப்பியிருக்கிறார். 2 அங்குலம் பூமழை (காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் மழை) பெய்த நாளுக்கு மாலையில் 1290.32 என்று வந்த விடை, மறுநாள் காலையில் முழுக்கோப்பையும் ஓட்டியபோது 50.8 என்று வந்திருக்கிறது. கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, எதை நம்புவது, இடையிடையே திரையில் கூட்டல் குறி (+) வந்து ஆர் நின்றுவிடுவது ஏன் என்பவை அவருடைய கேள்விகள்.

காலையில் வந்ததே சரி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர்தான் என்பதால், ஒரே நாளில் 1,290 பெய்திருக்க வழியில்லை. எடிட்டர் நமக்காகக் கன்சோலில், அதாவது ஆர் கட்டளைகளை வாங்கி விடை காட்டும் பலகத்தில், தட்டச்சு செய்துதருகிறது, அவ்வளவுதான். அந்த வரி முன்பே ஒருமுறை போனதா என்று எடிட்டரும் பார்ப்பதில்லை, ஆரும் கேட்பதில்லை. நண்பரின் வரி, மழை என்ற பெயரில் உள்ளதை 25.4 ஆல் (ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்) பெருக்கி, மறுபடியும் மழை என்ற அதே பெயரிலேயே வைக்கிறது. வரியைத் தேர்வு செய்து அனுப்பினால், அனுப்பிய பிறகும் தேர்வு அப்படியே நிற்கும். இன்னொரு முறை விசையைத் தட்டினால் அதே வரி மறுபடியும் போய்விடும். முதல் தடவை 2 என்பது 50.8 ஆனது, இரண்டாம் தடவை அந்த 50.8 மேலும் 25.4 ஆல் பெருக்கப்பட்டு 1290.32 ஆனது. காலையில் பதிவேட்டைப் புதிதாகப் படித்து, வரி ஒரே முறை ஓடியதால் கணக்கு நேரானது.

ஆகவே, மாற்றிய அளவை மழை_மிமீ என்று வேறொரு பெயரில் வையுங்கள். அப்போது அந்த வரியைப் பத்து முறை அனுப்பினாலும் விடை மாறாது. வரி வரியாக அனுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம், நானும் அப்படித்தான் வேலை செய்கிறேன். ஆனால் ஓர் எண்ணை அறிக்கையில் எழுதும் முன், கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி ஆரை மறுபடி தொடங்கி, கோப்பை முதல் வரியிலிருந்து ஓட்டிப் பார்ப்பதை நான் ஒருநாளும் விடுவதில்லை. வெளியேறும்போது பணியிடத்தை (நினைவில் உள்ள பெயர்களையும் எண்களையும்) சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் நேற்றைய எண்கள் இன்றைக்கும் நினைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கூட்டல் குறிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பகுதியில் ஓர் அடைப்புக்குறியோ மேற்கோள் குறியோ மூடப்படாமல் விடுபட்டிருக்கிறது, மீதியை எதிர்பார்த்து ஆர் நிற்கிறது என்பதே அதன் பொருள். அந்த நிலையில் மேலும் வரிகளை அனுப்பினால் அவையும் அரைகுறை வரியோடு ஒட்டிக்கொள்ளும். கன்சோலில் கிளிக் செய்து எஸ்கேப் விசையை அழுத்துங்கள். புதிய கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் வழக்கமான > குறி திரும்பியதும், திறந்த குறியிலிருந்து மூடும் குறிவரை முழுவதையும் தேர்வு செய்து அனுப்புங்கள்.