மத்தியானம் பூட்டு விழும் பூங்கா

வணக்கமுங்க. இப்போது மணி பன்னிரண்டரை. எங்கள் ஏரியா பூங்கா வாசலில் நிற்கிறேன். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. உள்ளே மூன்று புங்க மரம், ஒரு வேம்பு. சித்திரை பிறந்துவிட்டது அல்லவா, புங்கம்பூ உதிர்ந்து பெஞ்ச் முழுக்கப் பொரியைக் கொட்டினாற்போல் கிடக்கிறது. உட்காரத்தான் ஆள் இல்லை.

இந்த மாதம் நம் கோயம்புத்தூரில் உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேலே வந்துவிடும். சுவருக்கெல்லாம் இந்நேரம் நிழலே இருக்காது. ஒரே ஒரு புங்கங்கிளை மட்டும் காம்பவுண்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் ஒரு அம்மா தூக்குப்போசியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவரைப் படம் எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் சித்தாள் வேலை. "ஏனுங்கம்மா, உள்ளே விட மாட்டாங்களா?" என்று கேட்டேன். "அது வாக்கிங் போறவங்களுக்குங் கண்ணு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

போர்டைப் பாருங்கள். காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8. வெயில் கொளுத்துகிற நேரம் முழுக்கப் பூட்டு.

நம் ஊருக்கு இப்போது பெரிய பூங்கா வந்துவிட்டது. 2010 செம்மொழி மாநாட்டின்போது அறிவித்த செம்மொழிப் பூங்காவை 2025 நவம்பரில் காந்திபுரத்தில் திறந்தார்கள், 45 ஏக்கர். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் இந்த அம்மா காந்திபுரம் போய் வர முடியுமா? அவருக்கு வேண்டியது நாலு எட்டில் ஒரு மரத்தடி.

அந்த மரத்தடி இங்கே எப்படி வந்தது தெரியுமா? நாம் 'ரிசர்வ் சைட்' என்கிறோமே, அதுதான். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். வாக்கிங் போகிறவர்களுக்கு மட்டும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லைங்க.

சரி, ஏன் பூட்டுகிறார்கள்? குடிக்க வருகிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள் என்று இந்தத் தெருவில் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். காலி பாட்டிலை நானே பொறுக்கியிருக்கிறேன். ஆனால் நம் ஊர் ரேஸ்கோர்ஸ் பகுதியை யோசித்துப் பாருங்கள். சுற்றி வந்தால் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடைபாதை, அதற்குக் கேட்டும் இல்லை, பூட்டும் இல்லை. மத்தியானம் போனால் டெலிவரி தம்பிகள் வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் பாட்டிலைத் திறக்க யாருக்கும் அவ்வளவாகத் துணிச்சல் வராது. பூட்டிக் கிடக்கும் இடத்தில்தான் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள்.

பங்குனியிலிருந்து ஆனி வரைக்குமாவது பகல் முழுக்கத் திறந்து வையுங்கள், ஒரு குடிதண்ணீர்க் குழாய் போடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். இந்தத் தெருவில் இதுவரை 23 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நீங்களும் ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு மேல் உங்கள் ஏரியா பூங்காவைப் போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் நேரம் போட்ட போர்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்த்துவிடுகிறேன்.

அந்த அம்மா எழுந்துவிட்டார். போசியைக் கழுவத் தண்ணீர் தேடுகிறார். என் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வருகிறேன், இருங்கள்.