ரெகுலேட்டருக்கு முன்னாலா, பின்னாலா?

நேயர்களுக்கு வணக்கம்.

படுக்கையும் அடுப்பும் உள்ள டிரெய்லரைக் காரில் இழுத்துக்கொண்டு முகாமுக்குப் போகிறவர்கள் குளிர் தொடங்கியதும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். வெளியே இரண்டு பெரிய புரொப்பேன் சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கிறது, தூக்கிச் செல்லும் சின்ன ஹீட்டரை அதிலேயே மாட்டிவிடலாமா? மாட்டலாம். ஆனால் எந்த ஹீட்டரை எந்த இடத்தில் மாட்டுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு மாட்ட வேண்டும். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

டிரெய்லரோடு வரும் சூடேற்றி இருக்கும்போது இந்த ஆசை ஏன் வருகிறது? அதற்குள் ஒரு மின்விசிறி இருக்கிறது. சூடான காற்றைத் தள்ளுவது அதுதான். மின் இணைப்பு இல்லாத முகாமில் அந்த விசிறி ஒரே இரவில் பேட்டரியைக் காலி செய்துவிடும். சின்ன ஹீட்டருக்கு மின்சாரம் தேவையில்லை, சத்தமும் இல்லை. ஆனால் அதன் அடியில் திருகும் ஒரு பவுண்டு சிலிண்டர் அதிக நேரம் தாங்காது. ஹீட்டரின் சூட்டை மணிக்கு இத்தனை பி.டி.யு. என்ற வெப்ப அலகில் சொல்வார்கள். 9,000 பி.டி.யு. அளவில் எரித்தால் இரண்டரை மணி நேரம்கூட வராது. 4,000-க்குக் குறைத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல்.

நண்பர் குடும்பத்தோடு தங்கியிருந்த ஒரு மழை இரவில் எங்களுக்கும் இதுதான் நடந்தது. முதல் நாளே பேட்டரி போய்விட்டது. இரண்டாம் நாள் நடு இரவில் சின்ன சிலிண்டர் தீர்ந்தது. கையில் மாற்று சிலிண்டர் இல்லை. டிரெய்லரின் பக்கவாட்டில் வெளி அடுப்புக்கென்று சட்டென மாட்டும் கேஸ் இணைப்பு ஒன்று இருந்தது. நண்பரின் கருவிப்பெட்டியில் ஒரு ஹோஸும் அதற்கு ஏற்ற அடாப்டரும் கிடைத்தன. மாட்டினோம். பொருந்தியது. பர்னரைப் பற்றவைக்கும் சின்ன பைலட் சுடரும் பற்றிக்கொண்டது. அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

ஹீட்டரின் பீங்கான் தட்டு முழுக்கச் செக்கச்செவேலென்று கனல வேண்டும் அல்லவா? நடுவில் மட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாகச் சிவந்தது. ஓரமெல்லாம் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. கையை அருகில் கொண்டுபோனால்தான் சூடு தெரிந்தது. சிலிண்டர் காலியோ என்று மற்றதற்கு மாற்றினோம். ஹோஸ் எங்கேயோ மடங்கியிருக்கிறதோ என்று டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தோம். குளிரில் கேஸ் உறைந்துவிட்டது என்றார் நண்பர். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை கொதித்து ஆவியாகும், அந்த மழைக் குளிர் அதை ஒன்றும் செய்யாது. அது தெரிந்திருந்தும் எனக்கு வேறு காரணம் புலப்படவில்லை. ஒரு மணி நேரம் போனது.

காலையில் நண்பரின் மனைவி டிரெய்லர் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏண்ணா, அதே சிலிண்டர்தானே? அடுப்பு இவ்வளவு நல்லா எரியுது, ஹீட்டர் மட்டும் ஏன் அழுது?"

அதுதான் சரியான கேள்வி. அதே கேஸ், அதே குழாய். ஆனால் ஹீட்டர் எதிர்பார்க்கும் அழுத்தம் வேறு.

இந்த அழுத்த விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். கார் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டுக்குச் சற்று மேல் காற்று அடிப்போம். இங்கே பவுண்டு என்பது எடையல்ல, அழுத்தம். 20 டிகிரி வெப்பத்தில் புரொப்பேன் சிலிண்டருக்குள் இருப்பது 100 பவுண்டுக்கு மேல். வெளியே மைனஸ் 20 என்றால் அதே சிலிண்டரில் 20 பவுண்டு சொச்சம்தான் இருக்கும். இப்படி ஏறி இறங்கும் அழுத்தத்தை ஒரே நிலைக்குக் கொண்டுவருவதுதான் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ரெகுலேட்டரின் வேலை. அதைத் தாண்டி டிரெய்லருக்குள் வரும் கேஸின் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? வட அமெரிக்க டிரெய்லர்களில் 11 அங்குல நீர்மட்டம் என்று கணக்கு. ஐரோப்பாவில் பெரும்பாலும் 30 மில்லிபார், ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு வாளியில் ஒரு சாணுக்கு இரண்டு விரற்கடை அதிகமாகத் தண்ணீர் நிரப்பி, நீளமான ஸ்ட்ராவை அடிவரை விட்டு ஊதுங்கள். கீழே குமிழி வருவதற்கு உங்கள் வாய் தரும் அழுத்தம் இருக்கிறதே, அவ்வளவுதான். ஒரு சிறு பிள்ளையும் ஊதிவிடும். டிரெய்லரின் அடுப்பும் ஃபிரிட்ஜும் அந்த அழுத்தத்தில் எரிவதற்கென்றே செய்யப்பட்டவை.

ஒரு பவுண்டு சிலிண்டரில் ஓடும் ஹீட்டர் அப்படியில்லை. சிலிண்டரின் முழு அழுத்தமும் வரும் என்று எதிர்பார்த்து அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு ரெகுலேட்டர் வைத்திருக்கிறார்கள். அந்த ரெகுலேட்டரின் நுழைவழி மிகச் சின்னது. 100 பவுண்டு பின்னாலிருந்து தள்ளும்போது அந்த வழி போதும். ஏற்கெனவே இறக்கப்பட்ட கேஸைக் கொடுத்தால் அது தட்டுத் தடுமாறித்தான் உள்ளே போகும். இரண்டு ரெகுலேட்டர் வரிசையாக நின்றால் வருவது அந்த உள்ளங்கைச் சிவப்புதான்.

ஆகவே ஹீட்டர் வாங்கும்போதும் சரி, மாட்டும்போதும் சரி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது ரெகுலேட்டருக்கு முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா? முன்னால் என்றால் சிலிண்டரின் முழு அழுத்தம். பின்னால் என்றால் வாளித் தண்ணீர் அழுத்தம். சில மாடல்களில் குறைந்த அழுத்தத்துக்கென்றே தனி வாய் இருக்கும், ஹீட்டரின் குறிப்பேட்டில் போட்டிருப்பார்கள். டிரெய்லரின் பக்கவாட்டு இணைப்புக்கு அந்த வகைதான் பொருந்தும். என்னைக் கேட்டால் அதையே வாங்குங்கள் என்பேன். மற்ற வகையையும் சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே 'T' வடிவக் கிளை இணைப்புப் போட்டு ஓட்டலாம். ஆனால் முழு அழுத்தத்தில் இருக்கும் ஹோஸ் தூங்கும் இடத்துக்குள் கிடப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சிலர் ஹீட்டரைப் பிரித்து உள்ளே இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பர்னர் துளையும் பாதுகாப்பு உணரியும் அந்த ரெகுலேட்டரோடு சேர்த்துத்தான் அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்கின்றன.

அப்புறம் காற்று. டிரெய்லரோடு வரும் சூடேற்றி தன் புகையை வெளியே தள்ளிவிடும். சின்ன ஹீட்டர் எரிந்து வருவதெல்லாம் நாம் மூச்சு விடும் அதே அறைக்குள்தான். ஒரு பவுண்டு புரொப்பேன் எரிந்தால் முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அன்று காலை ஜன்னல் கண்ணாடியிலிருந்து வழிந்து மெத்தை ஓரம் வரை நனைந்திருந்தது. ஈரத்தையாவது துடைத்துவிடலாம், கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஹீட்டரைத் தானாகவே அணைக்கும் உணரி உள்ளே இருக்கிறதே என்பார்கள். காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய 18-க்கு இறங்கினால் அது அணைக்கும். அது பார்ப்பது ஆக்சிஜனை மட்டும். கார்பன் மோனாக்சைடை அது பார்ப்பதே இல்லை. அதனால் மேலே ஒரு ஜன்னல், கீழே ஒரு ஜன்னல், இரண்டும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். படுக்கும் உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். தூங்கும் முன் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஹோஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முழு அழுத்தத்தில் ஓடும் ரப்பர் ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்குக் கசிந்து ஹீட்டரை அடைத்துவிடும், அதற்கு வடிகட்டி உண்டு, போடுங்கள். ஒவ்வொரு முறை மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையில்தான் தேங்கும், கேஸ் அலாரம் கீழே இருக்கட்டும். கழற்றும்போது ஹீட்டர் எரியும்போதே முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஹோஸுக்குள் மிச்சமிருக்கும் கேஸும் எரிந்து தீர்ந்து, சுடர் தானாக அணையும். அதற்கப்புறம் ஹோஸைக் கழற்றுங்கள்.

வணக்கம்.