பெட்டகத்தில் கிடைத்த காசு: விலை கேட்பதற்கு முன்னால்

(காரைக்குடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஆச்சிமார்கள் இத்தனை பேர் வந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம், ஏனென்றால் பெட்டகச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது.

நம் பக்கம் பாகம் பிரிக்கும்போதும் பழைய வீட்டைப் பிரிக்கும்போதும் எங்கேயோ அடியிலிருந்து காசு வருகிறது. கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று கொண்டுவிற்கப் போனவர்கள் விட்டுப்போனது. புழங்கிய சில்லறையை யாராவது அடையாளம் சொல்லிவிடுவார்கள். ஆளைத் திணறடிப்பது, ஒரு நிகழ்வையோ ஒருவரையோ நினைவுகூர அடித்த நினைவு நாணயம்தான். கையில் கனக்கும், தெரியாத முகம், தெரியாத எழுத்து. உடனே ஒருவர் லட்சக்கணக்கில் போகும் என்பார், இன்னொருவர் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் பித்தளைச் சாமானோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். எனக்கு இரண்டுமே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது என்ன காசு என்று தெரிந்துகொண்டு, அப்புறம் விலை பேசுங்கள்.

இந்த இரண்டையும் பாருங்கள். எடை ஒன்றுதான், 28.28 கிராம். ஒன்று, புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2500-ஆம் ஆண்டு நிறைவுக்காக இலங்கை 1957-இல் வெளியிட்ட 5 ரூபாய். மற்றொன்றில் ஒரு பக்கம் எலிசபெத் ராணி, 1965 என்ற வருஷம்; மறுபக்கம் சர்ச்சில். பிரிட்டன் வெளியிட்ட கிரவுன் என்ற பெரிய காசு. பொதுவாக, மதிப்பு பொறிக்காததை மெடல் என்று ஒதுக்குவது சரிதான், ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவுக்கு 1935-இல் அடித்தவற்றில் பல அப்படிப்பட்ட மெடல்கள். ஆனால் இந்தச் சர்ச்சில் காசில் எங்கே தேடினாலும் மதிப்பு இருக்காது, இருந்தும் இது செல்லுபடியாகும் நாணயமாகவே வந்தது.

இலங்கைக் காசில் 92.5 சதவீதம் வெள்ளி, அதாவது 26 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. சர்ச்சிலில் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது, முழுக்கச் செம்பும் நிக்கலும். காந்தம் இரண்டிலுமே ஒட்டாது, அதனால் காந்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நகைத் தராசு ஒன்று போதும். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். இந்த எடையில் வெள்ளிக் காசு என்றால் தராசு சுமார் 2.7 கிராம் காட்டும், செம்பு-நிக்கல் என்றால் 3.2 வரும். காசில் ஒரு கீறல் விழாது, உரசிப் பார்க்கவும் வேண்டாம்.

சர்ச்சில் காசு ஏறத்தாழ 1 கோடியே 96 லட்சம் அடித்தார்கள். இங்கிலாந்திலேயே சில பவுண்டுக்கு வாங்கலாம். அறுபது வருஷப் பழசு என்பதற்காக யாரும் கூடக் கொடுக்கப் போவதில்லை. எத்தனை அடித்தார்கள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், விலை இதில்தான் நிற்கிறது.

நம் நாட்டுக் காசுக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் 1964-இல் நேருவுக்கு வந்தவை. அதில் 1889-1964 என்றும், 1969-இல் வந்த காந்தி நூற்றாண்டுக் காசில் 1869-1948 என்றும் இருக்கும். அவை அவர்கள் பிறந்த, மறைந்த வருஷங்கள். ‘1869-ஆம் வருஷத்துக் காசு, வெள்ளைக்காரன் காலத்தது’ என்று விலை சொல்பவரிடம் தைரியமாக மறுத்துப் பேசுங்கள். அதே வரிசையில் வந்த காந்தி 10 ரூபாய் உண்மையிலேயே வெள்ளிதான், 15 கிராமில் 80 சதவீதம், ஆக 12 கிராம் வெள்ளி. அந்த வெள்ளியின் விலைக்குக் கீழே விற்காதீர்கள். பிற்காலக் காசுகளில் வருஷத்துக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள், அடித்த நாணயச் சாலையின் குறி தெரியும்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. ஒரே காசில் ஒரு நாணயச் சாலையுடையது மலிவாகவும் இன்னொன்று அரிதாகவும் இருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010-ஐ ஒட்டி வந்த 1000 ரூபாய் நாணயம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து பெட்டியைப் பிரிக்காதீர்கள். 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. அது கடைக்குப் போவதற்காக அடித்ததல்ல, சேகரிப்பவர்களுக்காக அடித்தது. நாணயச் சாலையின் உறையும் தாளும் கூடவே இருந்தால்தான் முழு விலை.

ஆச்சிமார்களிடம் ஒரு வேண்டுகோள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விபூதியும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. காசின்மேல் படிந்திருக்கும் அந்தக் கருப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி, தேய்த்தால் லென்ஸில் மயிரிழைக் கீறல்கள் வரிசையாகத் தெரியும், வாங்குகிறவர் பார்த்த உடனே விலையைக் குறைத்துவிடுவார், போன பரப்பைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து, ஒற்றி எடுங்கள்.

போனில் வரும் விளம்பரங்களையும் சொல்லிவிடுகிறேன். வைஷ்ணோதேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சம் தருகிறேன் என்பார்கள், அப்புறம் கமிஷன் கட்டு, வரி கட்டு என்பார்கள். இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. வாங்குகிறவன் உங்களிடம் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

விலை தெரிய வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும்படி படம் எடுத்து, எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொண்டு, காசுகளைப் பட்டியலிடும் நியூமிஸ்டா என்ற இணையதளத்தில் நாடு, வருஷம், மதிப்பு கொடுத்துத் தேடுங்கள். அப்புறம் அதே காசு ஏலத்தில் எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்று பாருங்கள். விற்பவர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை, அதை யாரும் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை.