இ-பேர்ட்ல லிஸ்ட் ஏறலையா? முதல்ல கடிகாரத்தப் பாருங்க
வணக்கம் மக்களே. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்துலயும் மணக்குடி பொழிமுகத்துலயும் எண்ணின பறவைங்க எல்லாம் நோட்டுல பத்திரமா இருக்கும். அத இ-பேர்ட்ல, அதாவது பறவைக் கணக்கப் பதியுற இணையதளத்துல, ஏத்த உக்காரும்போதுதான் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கும்.

புது மெஷின் வாங்க ஓடாதீங்க. இ-பேர்ட் பிரவுசருக்குள்ள ஓடுறது, 4 ஜிபி ராம் போதும். விண்டோஸ் 7 இருக்கவங்களுக்கு மட்டும் ஒண்ணு: குரோம் 109-ஓட அதுக்கு அப்டேட் நின்னுபோச்சு. பக்கம் பாதி தொறந்து பட்டன் அமுங்கலன்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச இயங்குதளத்தப் போட்டுக்கிடுங்க. மேப் மட்டும் வெள்ளையா நிக்குதுன்னா விளம்பரத்தத் தடுக்குற ஆட் பிளாக்கர அணைச்சுப் பாருங்க.

இப்ப முக்கியமான விஷயம். "இணைப்பு பாதுகாப்பானதல்ல"ன்னு சிவப்பா வருதுல்லா? நெட்டத் திட்டாதீங்க. வலது ஓரம் கீழ தேதியப் பாருங்க, 2009-னு இருக்கும். ஒவ்வொரு தளத்தோட பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. மெஷின் 2009-ல நின்னா அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்ல! மதர்போர்டுல இருக்க காசு பேட்டரி செத்துருக்குன்னு அர்த்தமாக்கும். சிஆர்2032, 3 வோல்ட், வாட்ச் கடையிலயே கிடைக்கும். கரண்ட் வயர உருவிட்டு, கிளிப்பத் தள்ளினா பேட்டரி எம்பி வரும். புதுச பிளஸ் பக்கம் மேல இருக்கமாதிரி அமுக்குங்க. பயாஸ்ல, அதாவது மெஷின் தொடங்கும்போது வர்ற செட்டிங்ல, தேதி, நேரம் போட்டு சேவ் பண்ணுங்க, அவ்வளவுதான்.

அடுத்து, எக்செல்ல மொத்தமா அடிச்சு ஒரே ஃபைலா இ-பேர்ட்ல ஏத்துறவங்க, அதாவது இம்போர்ட் பண்றவங்க. இங்கதான் பாதிப்பேரு சறுக்குறாங்க. இ-பேர்ட் கேக்குறது மாசம் முதல்ல, நாள் பின்னால. 16/01/2026-னு போட்டா 16-வது மாசம் கிடையாதுன்னு தள்ளிரும். அது நல்லது, தப்பு தெரிஞ்சுபோகும். 05/01/2026-னு போட்டாதான் ஆபத்து. சத்தமில்லாம மே மாசம் ஒண்ணாந்தேதின்னு ஏத்திக்கிடும். சனவரில வந்த வலசைப் பறவைங்க எல்லாம் மே மாச வெயில்ல நிக்கும்! அதனால தேதி போடுற நெடுக்குக் கட்டம் (காலம்) முழுசையும் முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்திட்டு அடிங்க. சிஎஸ்வியா (காற்புள்ளி போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைலா) சேவ் பண்ணின பிறகு எக்செல்ல மறுபடி தொறக்காதீங்க, அது தன் இஷ்டத்துக்குத் தேதிய மாத்தும். நோட்பேட்ல தொறந்து சரிபாருங்க. குறிப்பு தமிழ்ல எழுதினா சேவ் பண்ணும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 எடுங்க, இல்லன்னா வரிசையா கேள்விக்குறிதான்.

ஸ்க்ரீனப் பாருங்க, இந்த வரிசைல அட்சரேகை 8.1, தீர்க்கரேகை 77.4-னு இருக்கு. நம்ம மாவட்டம் இந்தப் பக்கம்தான் வரும். ரெண்டையும் மாத்திப் போட்டா சுசீந்திரம் கொக்கு நார்வேக்கு வடக்க பனிக்கடல்ல போய் இறங்கும். தலைப்பு வரிய நீக்கிருங்க. நடந்த தூரம் மைல்ல வேணும், 2 கிலோமீட்டர்னா 1.24. எண்ண முடியாத கூட்டம்னா எண் இடத்துல எக்ஸ் போடுங்க. பறவை பேர் இங்கிலீஷ்ல, இ-பேர்ட்ல இருக்கபடியே அடிங்க. ஃபைல் 1 எம்பிக்குள்ள இருக்கணும், பெருசுன்னா ரெண்டா வெட்டிக்கிடுங்க.

படத்துக்கு வருவோம். வாட்ஸ்அப்ல வந்த படத்த ஏத்தாதீங்க. அளவும் சுருங்கும், எடுத்த நேரமும் அழிஞ்சுபோகும். டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க. ஹாட்ஸ்பாட்ல ஏத்தும்போது டவுன்லோட் வேகத்தப் பாத்து ஏமாறாதீங்க, நமக்கு வேணும்கிறது அப்லோட். அது 2 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 2 மெகாபிட், எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட்) இருந்தா 8 எம்பி படம் ஒண்ணுக்கு 32 வினாடி ஆகும். இருபது படத்த ஒண்ணா இழுத்துப் போட்டுட்டு "தொங்குது"ன்னு பக்கத்த ரிஃப்ரெஷ் பண்ணினா திரும்ப முதல்ல இருந்துதான். நாலு நாலா போடுங்க.

முதல்ல ரெண்டே வரி இருக்க ஃபைல ஏத்திப் பாருங்க. தேதி, இடம் ரெண்டும் சரியா விழுந்தா மிச்சத்த ஏத்துங்க. தப்பா ஏறினத 'மை செக்லிஸ்ட்ஸ்'ல போய் அழிச்சுட்டுத்தான் திருத்தின ஃபைல ஏத்தணும், பாத்துக்கிடுங்க. அழிக்காம ஏத்தினா மணக்குடில நின்ன 40 பவளக்கால் உள்ளான் மே மாசக் கணக்குலயும் நிக்கும், சனவரிக் கணக்குலயும் நிக்கும்.