பாளையங்கோட்டையின் முதல் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். ஞானஸ்நானம் பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். தண்ணீர் தெளிப்பதா, முழுக்குவதா என்ற பழைய வழக்கை நான் எடுக்கப்போவதில்லை. அதைத் தீர்த்துவைக்க இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஞானஸ்நானம் கேட்டு, ‘கிடையாது’ என்ற பதிலைப் பெற்ற, பின்னாளில் கிளாரிந்தா என்று பெயர் பெற்ற ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கணவரை இழந்தவர் அவர். பிறகு லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். மணந்துகொள்வதாகச் சொன்ன அந்த அதிகாரி கடைசிவரை மணக்கவே இல்லை. ஆங்கிலமும் கிறிஸ்தவ சமயமும் மட்டும் கற்பித்தார். உடன்கட்டையிலிருந்து காப்பாற்றியவரே அவர்தான் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் அதை அதிகம் நம்புவதில்லை.

அந்தப் பெண்மணி ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் ஓர் ஆணோடு வாழ்கிறவருக்குத் தர இயலாது என்று ஐயர் மறுத்துவிட்டார். சபை ஒழுங்கின்படி அது சரிதான். ஆனால் வாக்குத் தவறியவர் பிறப்பிலேயே கிறிஸ்தவர். காத்திருக்க நேர்ந்ததோ இவருக்கு. அந்த ஒழுங்கு யார் தலையில் விழுந்தது என்பதைச் சபை வரலாறு எழுதுகிறவர்கள் ஏனோ வேகமாகக் கடந்துபோகிறார்கள்.

அதிகாரி இறந்த பிறகு, 1778ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயரிட்டார்.

அப்போது பாளையங்கோட்டையில் சீர்திருத்தச் சபையின், அதாவது புராட்டஸ்டன்ட் சபையின், குருவானவர் எவரும் தங்கியிருக்கவில்லை. 1771ஆம் ஆண்டிலேயே சவரிமுத்து என்ற சாதாரண விசுவாசி ஒருவர் அங்கே வேதத்தை வாசித்துக் காட்டி வந்தார் என்று ஸ்வார்ட்ஸ் எழுதியிருக்கிறார். ஆக, அந்த ஊரில் சுவிசேஷம் பரவியது பிரசங்க மேடையிலிருந்து அன்று. திண்ணையில் உட்கார்ந்து பேசியவர்களால்தான். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் கிளாரிந்தா. அந்த நாற்பது பேரும் ஒரே சாதியினர் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். அக்காலத்துப் பாளையங்கோட்டையில் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்ததே பெரிய செய்தி.

பிறகு கிளாரிந்தா முன்னின்று ஓர் ஆலயம் கட்டினார். 1785ஆம் ஆண்டு ஸ்வார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். கிறிஸ்தவத்தைத் தழுவியவரின் ஆலயத்துக்கு ஊரார் வைத்த பெயர் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’. இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சாதியை விடுகிறேன் என்று ஒருவர் சொன்னாலும் ஊர் விட்டால்தானே!

சபையைக் கவனிக்கத் தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதன் அனுப்பப்பட்டார். 1790ஆம் ஆண்டு அவர் குருப்பட்டம் பெற்றார். அவர் காலத்தில் உபதேசியாராக, அதாவது சமயம் கற்பிக்கும் ஊழியராக, இருந்த தாவீது சுந்தரானந்தம், சாத்தான்குளம் பக்கத்திலிருந்த தம் சொந்தக்காரர்களிடமே போய்ப் பேசினார். அந்நியரிடம் பேசுவதைவிடக் கடினமான வேலை அது. பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்காகத் துன்புறுத்தவும் பட்டார்கள். அவர்கள் குடியிருப்பதற்காக 1799ஆம் ஆண்டு நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர்தான் முதலூர்.

முதலூரில் பேர்போன மஸ்கோத் அல்வா வாங்க அந்தப் பக்கம் போகும் நேயர்கள், ஊர் பிறந்த கதையைக் கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். நான் விட்டதையும் சேர்த்துச் சொல்வார். நன்றி, வணக்கம்.