ஒரே பேரு, ரெண்டு போன்: வேற நாட்டு வேரியண்ட் வாங்கலாமா?

வணக்கம் மக்களே! இன்னிக்கு டேபிள் மேல ரெண்டு போன் இருக்கு. இருங்க, கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வரேன். ஆங், இப்ப தெரியுதா? ஒரே கம்பெனி, ஒரே மாடல், அதே கருப்பு. கவரைக் கழட்டிட்டா எனக்கே எது எதுன்னு தெரியாது. அதனாலதான் ஒண்ணு முதுகுல நீல ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கேன்.

இப்ப ரெண்டோட சிம் ட்ரேயையும் உருவறேன். ஸ்டிக்கர் இல்லாததுல பாருங்க, ஒரு பக்கம் மட்டும்தான் குழி. ஒரு சிம் போட்டுக்கலாம், இன்னொண்ணு இ-சிம், அதாவது அட்டை இல்லாம போனுக்குள்ளயே இருக்கற சிம். நீல ஸ்டிக்கர்ல முன்னாடி ஒரு குழி, திருப்பினா பின்னாடி ஒரு குழி. ரெண்டு சிம் போடலாம். ஆனா செட்டிங்ஸ் முழுக்கத் தேடினாலும் இ-சிம்னு ஒரு வரி கிடைக்காது. ஏன்னா இது சீனச் சந்தைக்குன்னு செஞ்ச வேரியண்ட், அதாவது அதே மாடலோட சீன வகை. நான் இதை "குளோபல் வெர்ஷன்"னு நம்பி வாங்கினவன்.

கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்லை. தப்பு அவங்களோடது இல்ல. பாதி வித்தவரோடது, மீதி என்னோடது.

வேரியண்ட்னாலே எல்லாரும் ப்ராசஸர் சண்டைக்குப் போயிடறாங்க. சாம்சங் போன்ல இருக்கறது எக்ஸினோஸ் சிப்பா, ஸ்னாப்டிராகன் சிப்பான்னு. அதை முதல்லயே முடிச்சிடறேன். 2020-ல சாம்சங் கேலக்ஸி எஸ்20 வந்தப்ப ஐரோப்பாவுக்கு எக்ஸினோஸ் 990, அமெரிக்காவுக்கு ஸ்னாப்டிராகன் 865. அன்னிக்கு அந்தக் கோவத்துல நியாயம் இருந்துச்சு, சூடும் பேட்டரியும் நல்லாவே வித்தியாசப்பட்டுச்சு. 2023-ல எஸ்23 உலகம் முழுக்க ஸ்னாப்டிராகன். 2024-ல எஸ்24, எஸ்24 பிளஸ் திரும்பவும் ரெண்டா பிரிஞ்சுது, அல்ட்ரா மட்டும் எல்லா நாட்டுலயும் ஸ்னாப்டிராகன். அதுக்காக இன்னொரு நாட்டு போனைத் தேடிப் போறது எனக்கு வீண் வேலையாத்தான் படுது. கேம்ல ரெண்டு ஃப்ரேம் கூடும், வீட்டுக்குள்ள கால் வராது. எது வேணும்?

ஆமா, கால் வராது. அதைத்தான் இன்னிக்குப் பேசணும்.

4ஜின்னா ஒரே ஒரு அலைவரிசைன்னு நினைச்சிட்டிருக்கோம். கிடையாது. டஜன் கணக்குல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேண்ட் நம்பர். பேண்ட் 3-ன்னா 1800 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவுல ஓடற பேண்ட் 20, 800 மெகாஹெர்ட்ஸ். பேண்ட் 28, 700. அமெரிக்காவுல டி-மொபைல் பயன்படுத்தற பேண்ட் 71, வெறும் 600. மெகாஹெர்ட்ஸ் குறையக் குறைய அலை தூரமாப் போகும், சுவர் தாண்டியும் உள்ள வரும். கூடக் கூட வேகம் கிடைக்கும், ஆனா சுவர்லயே பாதி செத்துடும். அதனால மொட்டை மாடில உங்களைக் காப்பாத்தறது ஒரு பேண்ட், உள் ரூம்ல காப்பாத்தறது வேற பேண்ட்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். ரெண்டு போன்லயும் ஒரே நெட்வொர்க்கோட சிம். ஜன்னல் பக்கம் நின்னா ரெண்டுலயும் சிக்னல் நாலு கோடு. நடு ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினா, ஸ்டிக்கர் இல்லாததுல ரெண்டு கோடு நிக்கும். நீல ஸ்டிக்கர்ல ஒண்ணுமே நிக்காது. நான் என்ன பண்ணேன்? ஆறு மாசம் நெட்வொர்க் கம்பெனியைத் திட்டினேன். மூணு தடவை சிம் மாத்தினேன். கஸ்டமர் கேர்ல பேசின ஒரு பொண்ணு பாவம், "சார், ஒரு தடவை வேற போன்ல போட்டுப் பாருங்களேன்"ன்னு பொறுமையா சொன்னாங்க. அப்பவும் கேக்கல. கடைசியா ஒரு நாள் மாடல் நம்பரை வெச்சு ஸ்பெக் ஷீட் எடுத்துப் பாத்தா, எங்க டவர் லோ பேண்ட்ல, அதாவது சுவர் தாண்டி வர்ற குறைஞ்ச மெகாஹெர்ட்ஸ்ல, ஓட்டறது 28. என் போன்ல 28 கிடையாது. அன்னிக்கோட திட்டறதை நிறுத்திட்டேன்.

இதுல அப்டேட் வந்தா சரியாயிடும்ங்கற பேச்சே கிடையாது. ஒவ்வொரு பேண்டுக்கும் போனுக்குள்ள ஃபில்டர், ஆம்ப்ளிஃபையர், ஆண்டெனா எல்லாம் அதுக்கேத்த மாதிரி இருக்கணும். அதுக்கு இடம் வேணும், காசு ஆகும், அந்தந்த நாட்டுல சான்றிதழும் வாங்கணும். விக்கப் போறதே இல்லாத நாட்டோட பேண்டை எதுக்கு வைக்கப் போறாங்க?

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 5ஜி லிஸ்ட்ல என்28 இருக்குன்னு பாத்துட்டு சந்தோஷப்படாதீங்க. அது 5ஜி கணக்கு. 4ஜி லிஸ்ட்ல 28 இருக்கான்னு தனியாப் பாக்கணும்.

சரி, பேண்ட் எல்லாம் ஒத்துப் போகுதுன்னு வைங்க. அதுக்கப்புறமும் ஒரு வாசல் இருக்கு, வோல்டி. அதாவது 4ஜி வழியாவே குரல் போறது. போன்ல வசதி இருந்தாலும், இந்த மாடலுக்கு வோல்டி குடுக்கலாம்னு நெட்வொர்க் ஒத்துக்கணும், அதுக்கான செட்டிங்கும் ரோம்ல, அதாவது போனை ஓட்டற சாஃப்ட்வேர்ல, இருக்கணும். 2ஜி, 3ஜி இருந்த வரைக்கும் இது பெருசாத் தெரியல. கால் வந்தா போன் கீழ இறங்கி 3ஜில பேசிட்டு திரும்ப ஏறிக்கும். இப்ப ஒவ்வொரு நாடா 3ஜியை மூடறாங்க. அமெரிக்காவுல ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரில மூடினப்ப, எந்தெந்த போன் வேலை செய்யும்னு ஒரு பட்டியலே போட்டாங்க. ஆஸ்திரேலியாவுல 2024 அக்டோபர் கடைசில மூடினப்ப இன்னும் கறார். 4ஜி வழியா அவங்க அவசர நம்பர் 000-க்குக் கால் பண்ண முடியாத போனை நெட்வொர்க்கே உள்ள விடக்கூடாதுன்னு விதி. வெளிநாட்டுல வாங்கின, நல்லா ஓடிட்டிருந்த 4ஜி போன்களும் அதுல மாட்டுச்சு. டேட்டா வேகமா ஓடுதேன்னு அங்க வாதாட முடியாது.

சிம் விஷயத்துக்கு வருவோம். ஐபோன் 14-ல இருந்து அமெரிக்க மாடல்ல சிம் ட்ரேயே கிடையாது, இ-சிம் மட்டும். அதே வருஷம் சீன மாடல்ல ரெண்டு நானோ சிம். 2025-ல ஐபோன் 17 வந்தப்ப ஜப்பான், கனடா, மெக்சிகோ, சவூதி, அமீரகம்னு ட்ரே இல்லாத நாடுகள் கூடிடுச்சு. அதுல ஒரு வேடிக்கை, ட்ரே எடுத்த இடத்துல பேட்டரியைப் பெருசாக்கிட்டாங்க. 17 ப்ரோ, ட்ரே இருந்தா 3988 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவோட அளவு), இல்லைன்னா 4252. ஸோ இ-சிம் உங்க ஊர் நெட்வொர்க்குல சுலபமாக் கிடைக்குதுன்னா அது நல்ல பேரம். சிம்மைக் கழட்டி இன்னொரு போன்ல போட்டே பழகினவங்களுக்கு அது தலைவலி.

பேட்டரின்னதும் ஞாபகம் வருது. ஷாவோமி 15 அல்ட்ரா சீனாவுல 6000 எம்ஏஎச், வெளிய 5410. ஹானர் மேஜிக் 7 ப்ரோ சீனாவுல 5850, ஐரோப்பாவுல 5270. ஏன் எல்லாம் 5300 பக்கத்துலயே வந்து நிக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? சரக்கா அனுப்பற விதில ஒரு செல்லுக்கு 20 வாட்-ஹவர்னு ஒரு கோடு இருக்கு. அதைத் தாண்டினா ஆபத்தான சரக்குன்னு முழு கெடுபிடி வந்துடும். 5200 எம்ஏஎச்சை 3.8 வோல்ட்டால பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 20. பேட்டரியை ரெண்டு செல்லாப் பிரிச்சுட்டா கோட்டுக்குள்ள நிக்கும், சில கம்பெனி அதைத்தான் பண்றாங்க. சார்ஜர்லயும் இப்படி ஒண்ணு உண்டு. ஒன்பிளஸ் 11 மத்த இடத்துல 100 வாட், அமெரிக்காவுல 80. அங்க கரண்ட்டே 120 வோல்ட்தான்.

இப்ப நீல ஸ்டிக்கரோட மீதிக் கதை. முதல் நாள் ஆன் பண்ணதும் இங்கிலீஷ், பிளே ஸ்டோர், தமிழ் மெனு, எல்லாம் பக்காவா இருந்துச்சு. ஆன் ஆகும்போது மேல ஒரு குட்டிப் பூட்டுப் படம், திறந்த மாதிரி. டிசைன் போலன்னு விட்டுட்டேன். ஒரு வாரத்துல வங்கி ஆப் திறக்க மாட்டேன்னுச்சு. ஓடிடில படம் போட்டா மங்கலா 480பி தாண்டல. அப்புறம்தான் விசாரிச்சேன். வித்தவர் பாக்ஸைப் பிரிச்சு, பூட்லோடரை, அதாவது வேற ரோமை ஏத்த விடாமத் தடுக்கற பூட்டை, அன்லாக் பண்ணி, சீன போன்ல குளோபல் ரோமை ஏத்தி, திரும்ப சீல் ஒட்டி அனுப்பியிருக்கார். அந்தத் திறந்த பூட்டு டிசைன் இல்ல, எச்சரிக்கை.

நான் என்ன பண்ணேன்? பூட்டு திறந்திருக்கா, பூட்டிட்டா போச்சுன்னு லாக் பண்ணேன். அவ்வளவுதான். இந்த ரோம் இந்த போன்ல ஓடாதுன்னு ஒரு வரி காட்டிட்டு அதுக்கு மேல நகரவே இல்ல. கையில செங்கல். சீன ஹார்டுவேர்ல வேற ரோம் இருக்கறப்ப லாக் பண்ணா சில பிராண்டுல இதுதான் நடக்கும். யாராவது இப்ப இதைப் பாத்துட்டு லாக் பட்டன்கிட்ட விரல் வெச்சிருந்தா, தயவுசெஞ்சு எடுத்துடுங்க.

சர்வீஸ் சென்டர்ல மாடல் நம்பரைப் பாத்ததும், "இது இங்க வித்தது இல்ல, நாங்க தொட முடியாது"ன்னுட்டாங்க. வெளிய ஒருத்தர் சீன ரோமையே ஏத்தி உயிர் குடுத்தார். இப்ப வங்கி ஆப் ஓடுது. மெனு மட்டும் சீனமும் இங்கிலீஷும்தான், தமிழ் போச்சு. கீபோர்டைப் போட்டுத் தமிழ்ல அடிக்கலாம், அது பிரச்சினை இல்ல. ஆனா அந்த ரோம் பேட்டரி மிச்சம் பிடிக்கறேன்னு ஆப்பை எல்லாம் தூங்க வெச்சிடும். மெசேஜ் மதியம் வந்தா எனக்கு சாயங்காலம் தெரியும்.

சாஃப்ட்வேர்ல இன்னும் சில்லறையா நிறைய இருக்கு. ஜப்பான், தென்கொரியா போன்கள் பலதுல கேமரா க்ளிக் சத்தத்தை அணைக்க முடியாது. அமீரகத்துல வாங்கின ஐபோன்ல ஃபேஸ்டைம் இருக்காது. கால் ரெக்கார்டிங்கும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கூகுள் டயலர் வர்ற போன்ல பட்டனை அமுக்கினா எதிர்ல இருக்கறவருக்கும் அறிவிப்பு கேக்கும். சீனாவுல வாங்கின ஐபோன்ல ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் கிடையாது. ஆனா எல்லாமே போனோட பிறப்புல ஒட்டினது இல்ல. ஐரோப்பாவுல 2024 மார்ச்ல வந்த வேற ஆப் ஸ்டோர் வசதி அக்கவுண்ட்டோட நாட்டைப் பாக்கும். ஐரோப்பிய போன் வாங்கினதால மட்டும் அது வராது.

எப்படிக் கண்டுபிடிக்கறது? சாம்சங்ல மாடல் நம்பரோட கடைசி எழுத்து. பி-ன்னா பல நாட்டுக்கும் போறது, யு அமெரிக்கா, என் கொரியா, டபிள்யூ கனடா, கடைசில 0 இருந்தா சீனா, ஹாங்காங் பக்கம். ஐபோன்ல செட்டிங்ஸ்ல ஜெனரல், அபவுட். மாடல் நம்பர்ல சாய்கோட்டுக்கு முன்னாடி எல்எல்-னா அமெரிக்கா, சிஎச் சீனா, ஜே ஜப்பான். அதே நம்பரோட முதல் எழுத்தையும் பாருங்க. எம்-னா புதுசு, எஃப் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரி பண்ணித் திரும்ப விக்கறது, என்-னா ரிப்பேருக்குப் பதிலாக் குடுத்தது. புதுசுன்னு சொல்லி விக்கறவர்கிட்ட இதைக் கேட்டா முகம் மாறும்.

"வெளிநாட்டுல இருந்து அண்ணன் வராரு, போன் வாங்கிட்டு வரச் சொல்லலாமா?" இதுதான் அதிகம் பேர் கேக்கறது. கடைல நின்னுட்டே பாக்ஸ் பின்பக்க லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. மாடல் நம்பர் வெச்சு பேண்ட் பாருங்க, உங்க நெட்வொர்க்குல அந்த மாடலுக்கு வோல்டி உண்டான்னு கேளுங்க. மாசத் தவணைல நெட்வொர்க் கம்பெனி குடுக்கற போனா இருந்தா வேண்டாம், சிம் லாக் இருக்கும், வேற நெட்வொர்க் சிம் எடுக்காது. சாம்சங் பாக்ஸ்ல வட்டார ஸ்டிக்கர் இருந்தா, அண்ணனை அங்கேயே அந்த ஊர் சிம் போட்டு 5 நிமிஷம் பேசிட்டு வரச் சொல்லுங்க, இல்லைன்னா இங்க வந்து உங்க சிம் எடுக்காது. சில நாட்டுல ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி அடையாள நம்பர், அதோட பதிவும் கேப்பாங்க. துருக்கில பதியாத வெளிநாட்டு போனை 120 நாளுக்கப்புறம் நெட்வொர்க்குல இருந்து எடுத்துடுவாங்க. வாரண்டியை மறந்துடுங்க, உடைஞ்சா நம்ம காசுன்னு நினைச்சே வாங்குங்க. இவ்வளவும் கழிச்சு நல்ல லாபம் நின்னா வாங்கலாம். உங்க ஊர்ல வராத மாடல், வேற வழியே இல்லைன்னா அதுவும் நியாயம். முன்பின் தெரியாத ஆள் ஆன்லைன்ல குளோபல்னு விக்கறதை மட்டும் நான் இனிமே தொட மாட்டேன்.

நீல ஸ்டிக்கரை வித்துடலாம்னு போன மாசம் விளம்பரம் போட்டேன். சீன வேரியண்ட், பேண்ட் 28 கிடையாது, இ-சிம் கிடையாது, தமிழ் மெனு கிடையாதுன்னு உள்ளதை உள்ளபடி எழுதினேன். இன்னும் ஒருத்தரும் கூப்பிடல.